பையில் மருந்து

விருதுநகர்
11.06.2025

மச்சானுக்கு ஸலாம்.

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கேட்கவில்லை. என் நலத்தைச் சொல்கிறேன். கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இடது மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. தோசைக்கல்லைத் தூக்கினால் சுள்ளென்று தோள்வரை ஏறுகிறது.

போனில் பேச மாட்டேன் என்று ஜமாஅத்திலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் போனில் கத்தினால் இங்கே ஹாதியா போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை. அதனால் எழுதுங்கள். பேனா பிடித்திருக்கிற நேரமாவது உங்கள் கை வேறெதுவும் செய்யாது. நாக்பூர் ஏஜெண்ட் கடை விலாசத்துக்கு நான் அனுப்புகிறேன், நீங்கள் கூரியரில் போடுங்கள்.

பெரியவர்கள் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வடக்கே பட்டாசு ஆர்டர் எடுத்துவிட்டு ஊர் திரும்பும்வரை நான் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். யார்மீதும் கை வைக்காமல் திரும்பினால் என்னையும் பிள்ளையையும் திருத்தங்கலில் உங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன், சுகரும் குறைந்திருக்க வேண்டும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் அத்தாவுக்கு இதே சுகரில் காலை எடுத்தபோது அந்த ஒற்றைக் காலைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய் கபர்ஸ்தானில் அடக்கியது என் அண்ணன் சாபிர். அத்தாவை அடக்கியது அதற்கடுத்த வருஷம். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உங்கள் முதலாளி வீட்டம்மாவிடம் உங்களுக்கு சுகர் என்று நான் சொன்னதற்குத்தானே அன்றைக்கு அடித்தீர்கள்? வடக்கு லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், மானம் போய்விடும் என்றீர்கள். இப்போது பாருங்கள், லைன் உங்களிடமே இருக்கிறது. கைதான் எனக்குப் போனது.

சரி, கேளுங்கள். ரொட்டி, நான், பூரி என்று மைதாவில் கை வைக்காதீர்கள். நம் ஊர் எண்ணெய் பரோட்டாவுக்கு அங்கே மாற்று தேடி அலைய வேண்டாம். வடக்கே டீயில் பாதி டம்ளர் சீனி. கடைக்காரர்கள் ஆர்டரைக் கொடுக்குமுன் வாயில் இனிப்பைத் திணிப்பார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பையில் வறுகடலை வைத்திருங்கள். முட்டை அவித்துத் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். புது மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வானமே இடிந்தாலும் அதை விடக் கூடாது. நல்ல சாப்பாடு கிடைக்காவிட்டால் பட்டினி கிடங்க, கண்டதையும் தின்னாதீக. அம்புட்டுத்தான்.

தஸ்லிமா


நாக்பூர்
19.06.2025

தஸ்லி,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை ஏஜெண்ட் கடையில் பிரிக்கவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு லாட்ஜுக்கு ஓடிவந்தேன், புதுமாப்பிள்ளை மாதிரி. பிரித்தால் உள்ளே செருப்படி. பரவாயில்லை, நீ அடித்த அடிதானே.

உன் சொல்லை ஒன்று விடாமல் கேட்டு நடக்கிறேன். என்னோடு வந்திருக்கிற புகழேந்தியைக் கேட்டுப் பார். விஸ்வநத்தத்துக்காரன், எங்கள் கம்பெனிதான், தினமும் என் எதிரிலேயே உட்கார்ந்து கோழியைக் கடிக்கிறான். "என்னண்ணே, லாட்ஜுல வந்து நோன்பு பிடிக்கீகளா?" என்று கேலி வேறு. இந்த வெயிலில் நாளெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி, லட்சுமி வெடி விலையும் சரவெடி விலையும் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்து, கடைசியில் ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துவிட்டுப் படுக்கிறேன். ஆனால் பலன் இருக்கிறது புள்ள. நேற்றுக் காலையில் விரலைக் குத்திப் பார்த்தேன், எழுபத்து நான்கு! ஊரில் முந்நூறுக்கு மேல் இருந்தது. அந்த மிஷினுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகழேந்தி வாயால் உனக்கு வருவதைவிட நான் சொல்வது நல்லது. முந்தாநாள் ஒரு ஓட்டலில் தகராறு. காலையில் மாத்திரை போட்டது, மதியம் தாண்டியும் வயிற்றில் ஒன்றும் இல்லை. பருப்பு மட்டும் கேட்டேன். வாயில் வைத்தால் வெல்லம் போட்டிருக்கிறான், பாயசம் மாதிரி இனிக்கிறது. சர்வரைக் கூப்பிட்டேன். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. கண்ணைக் கொட்டிப் பார்க்கிறேன், தண்ணீர்ச் சொம்பு என் கையில், அவன் வாயெல்லாம் ரத்தம். முன்பல் இரண்டு மேசையில் கிடந்தது. நாலு பேர் என்னை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். என் சட்டை வியர்வையில் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. ஏஜெண்ட் வந்து பேசிச் சமாதானம் செய்தார்.

யாரோ என் உடம்புக்குள் ஏறி உட்கார்ந்து அடித்த மாதிரி இருந்தது. உன்னை அடித்த அன்றைக்கும் இப்படித்தான் தஸ்லி, எனக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை. ஜமாஅத்தில் இதைச் சொல்லிவிடாதே. ஹாதியாவுக்கு முத்தம்.

நிஜாம்


விருதுநகர்
25.06.2025

மச்சான்,

எழுபத்து நான்கைப் படித்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா உடனே இரண்டு ரக்அத் தொழுதார். அந்த மட்டுக்கும் சந்தோஷம். குறையக் குறைய நல்லதுதான், இன்னும் குறையுங்கள். ராத்திரியில் ஒரு சப்பாத்தி தின்கிறீர்கள் என்றால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினால் இரண்டு பல். அந்தச் சர்வருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள் அல்லவா? வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றவனைப் பார்த்து அவள் என்ன பாடுபட்டிருப்பாள்? கை வைக்க மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனவர், போய் இறங்கிய கையோடு ஒருவன் வாயை உடைத்திருக்கிறீர்கள்.

ஜமாஅத்தில் நான் சொல்லவில்லை. நான் தொழுதுகொண்டிருந்தபோது சாபிர் அண்ணன் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டது. "பல்லை உடைச்சிருக்கான்லா, நாளைக்கு உன் மண்டைய உடைப்பான்" என்றது. பருப்புக் கடையில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தது. நானும் அம்மாவும் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு வாசல்வரை தரையில் இழுபட்டோம். உதறிவிட்டுப் போய்விட்டது.

திருத்தங்கலில் உங்கள் வீட்டு முன்னால் நின்றிருந்த உங்கள் வண்டியின் சீட்டைக் குத்திக் கிழித்து, கல்லைத் தூக்கி லைட்டை உடைத்திருக்கிறது. சம்சு தடுக்க வந்திருக்கிறான். உங்கள் தம்பி யார் வம்புக்கும் போகாதவன், பிரஸ்ஸில் காலண்டர் அடித்துவிட்டு அப்போதுதான் குளிக்க நின்றிருக்கிறான். கொக்கி அவன் முழங்கைக்குக் கீழே ஏறி மணிக்கட்டுவரை கிழித்துவிட்டது. தோலைத் தூக்கினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்ததாம். தெருவே கூடி அண்ணனை மிதித்து அனுப்பியிருக்கிறது. இப்போது அண்ணனுக்கு ஒரு பக்கக் காது கேட்கவில்லை, சம்சுவின் விரல் மடங்கவில்லை. என்னை அடித்தது நீங்கள், அடிபட்டுக் கிடப்பது இவர்கள் இருவரும்.

மச்சான், இதைப் படித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். வந்தால் ஒரு கொலை விழும். யார் போனாலும் எனக்குத்தான் போகும். வேலையை முடித்துவிட்டு அமைதியாக வாருங்கள். மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

தஸ்லிமா


நாக்பூர்
30.06.2025

தஸ்லிமா,

சம்சு என்ன பாவம் செய்தான்? நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

உன் அண்ணனிடம் சொல்லி வை. எந்தக் கையில் கொக்கி பிடித்தானோ அந்தக் கை அவனுக்கு இருக்காது. அல்லாஹ்மேல் சத்தியம். ஜமாஅத்தாவது ஒன்றாவது. ஆர்டர் மயிராப் போச்சு, முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். நாளைக்கு ரயில். புகழேந்தி பின்னாலேயே வருகிறான், என்னைத் தனியாக விட மாட்டானாம்.

நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. மாத்திரை மட்டும் போட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, தெம்போடு வர வேண்டும் என்பதற்காக. நீ குறுக்கே வராதே. வந்தால் உனக்கும் விழும்.

நிஜாம்


விருதுநகர்
05.07.2025

மச்சான்,

ஆஸ்பத்திரி விலாசத்தைப் புகழேந்தி அண்ணனிடம் வாங்கி எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார். மீதியைக் கேட்டால் "அவரே எழுதுவாரும்மா, எனக்குச் சொல்ல வாய் வரல" என்கிறார்.

இங்கே ஊருக்குள் ஒரே பேச்சு. ரயிலில் வெடிமருந்து கொண்டுவந்தவனைப் பிடித்து அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவர் வந்து சொல்கிறார். சாகவில்லை, ஜெயிலில் இருக்கிறான் என்கிறார் இன்னொருவர். மதரஸாவில் ஹாதியாவிடம் ஒரு பையன் "உங்கத்தா ரயிலுக்கு வெடி வச்சாகளாம்லா" என்று கேட்டிருக்கிறான். இவள் சிலேட்டாலேயே அவன் நெற்றியைப் பிளந்துவிட்டு வந்து நிற்கிறாள். யார் பிள்ளை என்று சொல்லவா வேண்டும்.

நிஜமாகவே பையில் மருந்து வைத்திருந்தீர்களா? அண்ணனுக்காகவா கொண்டுவந்தீர்கள்? உங்களைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சோறு இறங்கவில்லை. இரண்டு வரி எழுதுங்கள்.

தஸ்லிமா


பல்லார்ஷா பக்கம், ஆஸ்பத்திரி
10.07.2025

என் தஸ்லி,

பையில் மருந்துதான் இருந்தது. நம் ஊர் மருந்து இல்லை, நான் விழுங்குகிற மருந்து. அந்த ஒரு சொல்தான் என்னைச் சாகடிக்கப் பார்த்தது.

விலா எலும்பு இரண்டு போயிருக்கிறது. இடது கண் இன்னும் திறக்கவில்லை. எனக்கு எதுவும் நினைவில்லை, எல்லாம் புகழேந்தி சொல்லித் தெரிந்ததுதான். எங்கள் பெட்டியில் காசிக்குப் போய்விட்டுத் திரும்புகிற நம் பக்கத்து ஆட்கள் நிறைய இருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் சோலையம்மாள் என்று ஒரு அக்கா, ஆனைக்குட்டத்துக்காரர். பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்ததில் புருஷனைப் பறிகொடுத்தவர். "நமக்கு எந்த ஊரு தம்பி? என்ன சோலி?" என்று கேட்டிருக்கிறார். பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் எடுக்கிறேன் என்றேனாம். பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரையை நீட்டியிருக்கிறார். "வேண்டாம்க்கா, பசிக்கல" என்றேனாம். சோறு எனக்கு ஆகாது, சுகர் என்று சொல்ல வெட்கம். என் குணம் உனக்குத் தெரியாதா.

கொஞ்ச நேரத்தில் உடம்பு உதறியிருக்கிறது. ஊற்றுகிற வியர்வையில் சீட்டெல்லாம் நனைந்திருக்கிறது. சுகர் ஏறிவிட்டது, இன்னொரு மாத்திரை போட்டால் அடங்கும் என்று நினைத்திருப்பேன். மேலே இருந்த பையைக் காட்டி "மருந்து... பையில மருந்து இருக்கு... எடுங்க..." என்று கத்தியிருக்கிறேன். சோலையம்மாள் அக்கா எழுந்து அலறிவிட்டார். "ஆத்தாடி! கம்பெனிக்காரன் பையில மருந்து வச்சிருக்கானாம்! தூக்கி வெளிய எறிங்கலே!" நம் ஊர் ஆளிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் வேறு எதை நினைப்பார்கள்? ஒருவன் பையை ஜன்னல் வழியாக வீசிவிட்டான். நான் அவன்மேல் பாய்ந்து காதைக் கடித்துவிட்டேன். சதை என் வாயில் வந்ததாம். தடுக்க வந்த இன்னொருவனின் மூக்கை எவர்சில்வர் பாட்டிலால் உடைத்திருக்கிறேன். புகழேந்தி கத்தியது யார் காதிலும் விழவில்லை, பெட்டியே சேர்ந்து மிதித்தது. கழிப்பறைக் கதவில் என் தலையை மோதியிருக்கிறார்கள். புகழேந்தி மேலே விழுந்து மறைத்ததால் பிழைத்தேன், அவனுக்கும் முதுகெல்லாம் கன்றிக் கிடக்கிறது. யாரோ சங்கிலியை இழுக்க, போலீஸ் வந்து என்னை மூட்டை மாதிரி இறக்கியிருக்கிறது.

இங்கே நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்தால் முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் விழித்தேன். ஊர் என்ன, பேர் என்ன என்று டாக்டர் கேட்டதற்குப் பேரே வரவில்லை. தண்டவாளத்தோரம் பை கிடைத்தது. உள்ளே விலைப்பட்டியலும் கடைக்காரர்களுக்கு மாதிரி காட்டுகிற காலி அட்டைப்பெட்டிகளும் மாத்திரையும்தான் இருந்தன. போலீஸ் விட்டுவிட்டது. அந்த அக்கா ஸ்டேஷனிலேயே தலையில் அடித்துக்கொண்டு, "சுகருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி" என்று அழுதாராம்.

இப்போது முக்கியமானதைக் கேள். டாக்டர் சொன்னார், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடுமாம். மூளைக்குத் தீனி இல்லாமல் ஆள் வெறிபிடித்த மாதிரி ஆகிவிடுவானாம். எதிரில் நிற்பது யார் என்றே தெரியாதாம். அந்தச் சர்வரை அடித்தது இதுதான். ரயிலில் கடித்தது இதுதான். அன்றைக்கு உன்னை அடித்ததும் இதுதான் தஸ்லி! நான் அடிக்கவில்லை, சர்க்கரை அடித்திருக்கிறது. இதைக் கேட்டதும் இந்தக் கட்டிலிலேயே ஓவென்று அழுதேன். நான் கெட்டவன் இல்லை.

சாபிரிடம் இதைப் படித்துக் காட்டு. அவன் கையை எடுப்பேன் என்றதெல்லாம் பசியில் பேசியது, மன்னித்துவிடச் சொல். ஜமாஅத்தில் டாக்டர் சீட்டையும் கொடுப்போம். இருபதாம் தேதி ஊருக்கு வந்துவிடுவேன். நீயும் ஹாதியாவும் திருத்தங்கல் வீட்டில் இருக்க வேண்டும். நீ கதவைத் திறக்க நான் உள்ளே வர வேண்டும்.

உன் நிஜாம்


விருதுநகர்
16.07.2025

மச்சான்,

அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தீர்கள். குறையுங்கள், இன்னும் குறையுங்கள் என்று எழுதியவள் நான். படித்ததும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இங்கே டாக்டரிடம் போய்க் கேட்டேன். மாத்திரை போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டுமாம். வேளை தவறவே கூடாதாம். ரொட்டியோ சோறோ அளவாகச் சாப்பிடலாம், ஊருக்கு ஊர் போகிறவர் பையில் மிட்டாய் வைத்திருக்க வேண்டுமாம். நடுங்கினால் முதலில் அதை வாயில் போடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "எனக்கு சுகர்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதில் போகிற மானம் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நல்ல காதைத் திருப்பிக் கேட்டது. எழுந்துபோய்க் கொக்கியைக் கடையில் போட்டுவிட்டு, சாயங்காலம் திருத்தங்கல் போய்ச் சம்சுவின் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறது. அம்மா அழுதுகொண்டே என் பெட்டியை எடுத்துவைத்தார். "வியாதிக்காரனைப் போய் என்னமெல்லாம் பேசிட்டோம்" என்று பொருமினார். நானும் சேலைகளை மடித்து வைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, எனக்கும்தான். என் புருஷன் அடிக்கவில்லை, சர்க்கரை அடித்தது. இதைவிட நல்ல செய்தி எனக்கு என்ன வேண்டும்?

சந்தோஷத்தில் அந்த நாளை முதல்முறையாக ஆர அமர நினைத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் நினைக்கவே பயம். அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தீர்கள். கறிக்குழம்பு வைத்திருந்தேன். மூன்று தடவை சோறு வாங்கினீர்கள். எலும்பை உறிஞ்சிவிட்டு "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று சொன்னீர்கள். கைகழுவி, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டீர்கள்.

அதற்கப்புறம் ஹாதியாவிடம் பத்து ரூபாயைக் கொடுத்து "கடைக்குப் போயிட்டு மெதுவா வாம்மா" என்றீர்கள். அவள் தெரு திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்தீர்கள். உள்ளே வந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினீர்கள். டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்தீர்கள், கண்ணாடி உடைந்துவிடும் என்று. பிறகுதான் "முதலாளி வீட்டுல என்னத்தச் சொன்ன?" என்று கேட்டீர்கள்.

ரயிலில் உங்களுக்கு உங்கள் பேரே தெரியவில்லை. எதிரில் இருப்பது யாரென்றும் தெரியவில்லை. நம் வீட்டில் உங்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது மச்சான். ஜன்னல் தெரிந்தது, ரிமோட் இருக்கிற இடம் தெரிந்தது, பிள்ளை பார்க்கக் கூடாது என்பதுவரை தெரிந்தது. என் முகத்தில் அடித்தால் வெளியே தெரியும் என்று கையைப் பிடித்து முறுக்கினீர்கள்.

பெட்டியிலிருந்து சேலைகளை வெளியே எடுத்துவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்டார், சொன்னேன். அண்ணன் மறுபடியும் எழுந்தது. "இனி யாரும் யாரையும் தொடக் கூடாது, தொட்டா நான் இந்த வீட்டிலும் இருக்க மாட்டேன்" என்று சொல்லி உட்காரவைத்தேன். ஜமாஅத்தில் நானே பேசிக்கொள்கிறேன். டாக்டர் சீட்டை நீங்கள் காட்டுங்கள், அதற்கு என் பதில் இந்தக் கடிதம்தான்.

ஊருக்கு வரும் வழியில் வேளைக்குச் சாப்பிடுங்கள். பசியில் உங்களுக்கு வெறி வந்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று இப்போது ஊருக்கே தெரியும். வயிறு நிறைந்த பிறகு நீங்கள் எழுந்து ஜன்னலைச் சாத்தினால் நான் என்ன கொடுக்க வேண்டும் என்று எந்த டாக்டருக்கும் தெரியாது. நான் வரல.

தஸ்லிமா